நுரையீரல் புற்றுநோய்: ஜீன் வெளிப்பாட்டுப் பரிசோதனை ஆயுளைச் சொல்லுமா?

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 61 வயது. ஆரியங்காவு பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நான்கு வருஷத்துக்கு முன்னால்தான் பீடியை விட்டிருக்கிறார். இருமல் நிற்கவில்லை என்று போனபோது முதலில் டி.பி. மருந்து கொடுத்திருக்கிறார்கள், அதில் மூன்று மாதம் போய்விட்டது. அப்புறம் சி.டி. எடுத்ததில் வலது நுரையீரலின் மேல்மடலில் கட்டி தெரிந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை), 3.4 சென்டிமீட்டர், நிணநீர் முடிச்சுகளில் பரவல் இல்லை, ஸ்டேஜ் 1பி என்று ரிப்போர்ட் சொல்கிறது. "பேடிக்கண்டா, எல்லாம் எடுத்துக் களஞ்ஞு" (பயப்பட வேண்டாம், எல்லாம் எடுத்தாயிற்று) என்று டாக்டரும் மலையாளத்தில் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இப்போது ஒரு தனியார் லேப் ஆள் வந்து, கட்டியில் உள்ள ஜீன்களை அளந்து பார்த்து நோயாளி ஐந்து வருஷம் இருப்பாரா என்று சொல்லும் பரிசோதனை ஒன்று உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. தம்பி கேட்பது மூன்று கேள்வி. செய்யலாமா? ஜீன் என்கிறார்களே, அப்படியென்றால் எனக்கும் தங்கைக்கும் வருமா? அப்பா "இன்னும் எத்தனை வருஷம்" என்று கேட்டால் என்ன சொல்வது?

தம்பி, முதல் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்காக நகையை வைக்காதீர்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. அது செய்தாகிவிட்டதா என்று நாளைக்கே கேளுங்கள். அதற்குக் கால வரம்பும் உண்டு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான் செங்கோட்டைக்காரன். இருபது வருஷத்துக்கும் மேலாக மூலக்கூறு நோயியல் லேப்களில் வேலை. மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர் இல்லை. கட்டியின் துண்டிலிருந்து டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் பிரித்தெடுத்து அளக்கிற ஆள். அதனால் இந்தப் பரிசோதனைகள் எந்த இடத்தில் உறுதியாக நிற்கும், எந்த இடத்தில் காலை வாரும் என்று கையால் தொட்டுத் தெரியும்.

ஜீன் வெளிப்பாடு என்றால் என்ன என்பதைக் குளத்துப் பாசனம் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். குளத்துக்கு எத்தனை மடை, எந்த மடை எந்த வயலுக்கு என்பது கரை கட்டியபோதே முடிவான விஷயம். இன்றைக்கு எந்த மடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது வேறு. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் புரதம் செய்யச் சொல்லும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. நுரையீரல் செல்லிலும் அவைதான், தோல் செல்லிலும் அவைதான். எது திறந்திருக்கிறது, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். ஜீனில் எழுத்துப் பிழை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது டி.என்.ஏ. பரிசோதனை, மடை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. அந்த ஜீனிலிருந்து எம்.ஆர்.என்.ஏ. எனும் படி எவ்வளவு எடுக்கப்படுகிறது என்று அளப்பது வெளிப்பாட்டுப் பரிசோதனை. மடையில் ஓடுகிற தண்ணீரை அளப்பது மாதிரி. லேப் ஆள் சொன்னது இந்த இரண்டாவது வகை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இங்கே அளப்பது அப்பாவின் கட்டிக்குள் நடப்பதை. அந்தக் கட்டி செல்களில் நேர்ந்த மாற்றங்கள் அவருடைய வாழ்நாளில், அந்த நுரையீரலில் நேர்ந்தவை. அவை உங்களுக்கோ தங்கைக்கோ பிறவியில் வந்தவை அல்ல. பெற்றோருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஓரளவு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பரிசோதனை அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நீங்கள் புகை பிடிப்பவராக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய காரியம் வேறு இல்லை.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். இப்படி ஒரு பரிசோதனை வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்ததில் தப்பே இல்லை. ஒரே ஸ்டேஜ், ஒரே அளவுக் கட்டி, ஒரே மாதிரி ஆபரேஷன். ஒருவர் பத்து வருஷம் கழித்தும் தென்காசிச் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருப்பார், இன்னொருவருக்கு ஒன்றரை வருஷத்தில் நோய் மூளைக்கோ எலும்புக்கோ போயிருக்கும். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். உள்ளே ஏதோ வேறாக இருக்க வேண்டும் அல்லவா? ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஜீன்களை அளக்கிற மைக்ரோஅரே வந்ததும் எல்லோரும் அந்த வேற்றுமையைத் தேடிப் போனார்கள். 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 86 அடினோகார்சினோமா கட்டிகளை அளந்து, 50 ஜீன்களைக் கொண்டு ஆபத்தைக் கணிக்கும் ஒரு குறியீட்டை வெளியிட்டது. 2007இல் தைவான் குழு ஒன்று ஐந்தே ஜீன்களோடு வந்தது. 2008இல் அமெரிக்காவின் பல மையங்கள் சேர்ந்து 442 கட்டிகளை அளந்தன. அதில் பல கணிப்பு முறைகள் ஓரளவு வேலை செய்தன. ஆனால் ஸ்டேஜ், வயது போன்ற சாதாரணத் தகவல்களைச் சேர்த்துக்கொண்டபோதுதான் பெரும்பாலானவை நன்றாக வேலை செய்தன. இந்தக் கடைசி விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சிக்கல் என்னவென்றால் ஒரு குழுவின் பட்டியலும் இன்னொரு குழுவின் பட்டியலும் ஒத்துப்போவது அபூர்வம். காரணம் கணக்கில் இருக்கிறது. ஜீன் 20,000, நோயாளிகள் நூறோ இருநூறோ. தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் அதை உண்மைத் தொடர்பு என்று ஏற்பது ஆராய்ச்சியில் வழக்கம். அந்த வரம்பை அப்படியே இங்கே வைத்தால், ஆயுளோடு எந்தத் தொடர்பும் இல்லாத 20,000 ஜீன்களிலிருந்தே ஏறக்குறைய 1,000 ஜீன்கள் "எனக்குத் தொடர்பு உண்டு" என்று கை தூக்கும். அதிலிருந்து நல்லதாகப் பத்தைப் பொறுக்கி, அதே நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தால் பிரமாதமாகத்தான் இருக்கும். வேறு ஊர் நோயாளிகளிடம் கொண்டுபோனால் சரிந்துவிடும். 2010இல் சுப்பிரமணியன், சைமன் என்ற இரண்டு புள்ளியியல் ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோய்க்கான இப்படிப்பட்ட 16 ஆய்வுகளை எடுத்து வரிவரியாகப் பரிசீலித்தார்கள். நோயாளியிடம் பயன்படுத்தத் தயாராகிவிட்டது என்று சொல்லத்தக்க ஆதாரம் ஒன்றிலும் போதுமான அளவுக்கு இல்லை என்பதே அவர்கள் கண்டது.

அடுத்த வருஷம் மார்பகப் புற்றுநோயில் இன்னொரு ஆய்வு வந்தது. எனக்கு அது கண்ணைத் திறந்துவிட்ட ஆய்வு. புற்றுநோய்க்குச் சம்பந்தமே இல்லாத ஜீன் பட்டியல்களை எடுத்துக்கொண்டார்கள்; சாப்பிட்டபின் சிரிப்பதால் ரத்த செல்களில் மாறும் ஜீன்களின் பட்டியலும் அதில் ஒன்று. அதுவும் நோயாளிகளின் ஆயுளைக் "கணித்தது". கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய ஜீன் கூட்டங்களில் பலவும் கணித்தன. ஏன் என்றால், செல் வேகமாகப் பிரியும்போது அதோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஏறி இறங்குகின்றன. எந்தக் கூட்டத்தை அள்ளினாலும் அதில் கொஞ்சம் அந்த வேகத்தின் சாயல் வந்துவிடும். பட்டியல் வேறு வேறாக இருந்தாலும், பல பட்டியல்கள் சுற்றிச் சுற்றி அளப்பது கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்ற ஒன்றைத்தான். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஒரு நோயியல் டாக்டர் பெருமளவு சொல்லிவிடுவார்.

டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வந்த நுரையீரல் கட்டுரை ஒன்று அப்போது பெரிய பேச்சாக இருந்தது. 2011இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதே குழுவின் வேறொரு கட்டுரையில் ஜீன் பட்டியலே ஒரு வரி தள்ளிப் பதிந்திருந்ததை பேகர்லி, கூம்ஸ் என்ற இருவர் தோண்டி எடுத்தார்கள். அதற்குள் அந்தக் கணக்கை நம்பி நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் ஆய்வுகளே தொடங்கியிருந்தன. நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்த வேலையும் உண்டு. அதில் ஒன்றைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். உங்கள் மூன்றாவது கேள்விக்கும் அது உதவும்.

2012இல் சான் பிரான்சிஸ்கோ குழு ஒன்று 14 ஜீன் பரிசோதனையை வெளியிட்டது. அதில் 11 ஜீன்கள் புற்றுநோய் சம்பந்தப்பட்டவை, மூன்று அளவை ஒப்பிடுவதற்கு. முன்னால் சொன்ன தைவான் குழுவின் ஐந்தில் இருந்த இ.ஆர்.பி.பி.3, எல்.சி.கே. ஆகிய இரண்டும் இதிலும் இருக்கின்றன. அதில் எல்.சி.கே. முதன்மையாக டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்களில் வேலை செய்யும் ஜீன். ஆக, நாம் அரைத்து அளக்கிற துண்டில் கட்டி மட்டும் இல்லை, கட்டியோடு சண்டைக்கு வந்த உடம்பும் கலந்திருக்கிறது. கட்டித் துண்டை ஆஸ்பத்திரியில் பதித்து வைத்திருக்கும் சாதாரண மெழுகு பிளாக்கிலேயே இதைச் செய்யலாம் என்பது அந்தப் பரிசோதனையின் பெரிய வசதி. தாங்கள் முன்பின் பார்க்காத வேறு நோயாளிகளிடம் சோதித்தார்கள்: கலிஃபோர்னியாவில் ஸ்டேஜ் 1 நோயாளிகள் 433 பேர், சீனாவில் 1,006 பேர். முறைப்படி செய்த வேலை என்றே நான் சொல்வேன்.

இப்போது அந்த 433 பேரின் கணக்கைப் பாருங்கள். பரிசோதனை "ஆபத்து குறைவு" என்று சொன்னவர்களில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 71 பேர். "நடுத்தரம்" என்றவர்களில் 58 பேர். "ஆபத்து அதிகம்" என்றவர்களில் 49 பேர். எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் கணக்கில் சேர்த்த எண்கள் இவை. மூன்று கூட்டத்துக்கும் நடுவே வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது, தற்செயல் இல்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு "ஆபத்து அதிகம்" என்று தாள் வந்தால் அதன் அர்த்தம் என்ன? அந்தக் கூட்டத்திலும் பாதிப்பேர் ஐந்து வருஷம் தாண்டினார்கள். "குறைவு" என்று வந்தால்? அந்தக் கூட்டத்திலும் நூற்றில் இருபத்தொன்பது பேர் தாண்டவில்லை. கூட்டத்தைப் பற்றி அது சரியாகச் சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் நிற்பார் என்று அதனால் சொல்ல முடியாது. லேப் ஆள் "இருப்பாரா, மாட்டாரா என்று தெரிந்துவிடும்" என்று சொல்லியிருந்தால், உலகத்தில் எந்தப் பரிசோதனையும் செய்யாததைச் சொல்லியிருக்கிறார்.

அளக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் "பிளாக்" என்று கேட்டு வாங்கப்போவது சிறிய பிளாஸ்டிக் சட்டத்தின்மேல் பதித்த மெழுகுக் கட்டி, தீப்பெட்டியில் பாதி இருக்கும். ஓரத்தில் பென்சிலில் எழுதிய நம்பர். மெழுகுக்குள்ளே வெளிறிய பழுப்பில், உடைத்த முந்திரிப் பருப்பு அளவில் தெரிவதுதான் அப்பாவின் கட்டி. அதை மைக்ரோடோமில் ஏற்றி நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவுவோம். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடாவாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகட்டில் ஏந்துவோம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் சில சீவல்கள் போகும். போனது போனதுதான்.

டி.என்.ஏ. அதற்குள் ஓரளவு தாங்கும். ஆர்.என்.ஏ. அப்படி இல்லை, துணுக்குத் துணுக்காக உடைந்துபோகிற பொருள். ஆபரேஷன் தியேட்டரில் நுரையீரல் துண்டை எடுத்து திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட எத்தனை நிமிஷம் ஆனது, ஃபார்மலின் நடுவரைக்கும் ஊறியதா, வார விடுமுறையில் நாள்கணக்காக அதிலேயே கிடந்ததா, இவை எல்லாம் அளவை மாற்றும். ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும் ஆர்.டி.பி.சி.ஆர். இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொருள் இரண்டு மடங்காகும். ஆகவே ஒரு சுற்று முன்னே பின்னே போனால் விடை இரண்டு மடங்கு மாறிவிடும். இதைச் சரிக்கட்டத்தான் அந்த மூன்று ஒப்பீட்டு ஜீன்கள். நல்ல திசுவாக இருந்தால் சரிக்கட்டும். மோசமாக ஊறிய திசுவை அவற்றாலும் காப்பாற்ற முடியாது. கட்டியின் எந்த மூலையிலிருந்து சீவினோம் என்பதும் உண்டு. லண்டனை மையமாகக் கொண்ட டிரேசர்எக்ஸ் குழு ஒரே கட்டியின் பல இடங்களிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்தபோது, பழைய ஜீன் பட்டியல்கள் ஒரே நோயாளியை ஒரு துண்டில் "குறைவு" என்றும் இன்னொரு துண்டில் "அதிகம்" என்றும் காட்டின. அதனால் கட்டி முழுக்க ஒரே சீராக இருக்கிற ஜீன்களை மட்டும் தேர்ந்து, 23 ஜீன்கள் கொண்ட ஆரக்கிள் என்ற பட்டியலை 2019இல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் சரியான திசையில் வைத்த அடி இது என்பது என் எண்ணம்.

அளக்கிற கருவியே மாறிப்போன கதையும் உண்டு. இ.ஆர்.சி.சி.1 என்ற புரதம் கட்டியில் இல்லாதவர்களுக்கு சிஸ்பிளாட்டின் கீமோ நன்றாக உதவுகிறது என்று 2006இல் 761 பேரிடம் கண்டார்கள். பலர் அதை வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கவே ஆசைப்பட்டார்கள். 2013இல் அதே வட்டாரத்து ஆய்வாளர்களே திரும்பச் செய்து பார்த்தபோது பழைய முடிவு வரவில்லை. அந்தப் புரதத்தில் போய் ஒட்டிச் சாயம் ஏற்ற உதவும் ஆன்டிபாடி, அதே பெயர், அதே கம்பெனி, ஆனால் புதிய தொகுப்பு வேறு மாதிரி நடந்துகொண்டது. தங்கள் முடிவு நிலைக்கவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இதுவரை சொன்னது ஆயுளைக் கணிக்கிற குறியீடுகளைப் பற்றி. இன்னொரு வகை உண்டு: இந்த மருந்து இவருக்கு வேலை செய்யுமா என்று சொல்கிற குறியீடு. இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், படித்தவர்கள்கூட. முதல் வகை, நோய் போகிற போக்கைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். இரண்டாவது வகை, அடுத்து என்ன செய்யலாம் என்று வழி காட்டும். உங்கள் அப்பாவுக்கு இப்போது வேண்டியது இரண்டாவது வகை.

அதுதான் இ.ஜி.எஃப்.ஆர். பரிசோதனை. இது வெளிப்பாட்டை அளப்பதில்லை, செல்லை வளரச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனின் டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. நம் நாட்டில் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. புகை பிடிக்காதவர்களிடம் அதிகம் காணப்படும் என்பது உண்மை. அதற்காக, பீடி குடித்தவர்தானே, இருக்காது என்று விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் முடிந்த ஸ்டேஜ் 1பி முதல் 3ஏ வரையிலான நோயாளிகளில், இந்தப் பிழையின் இரண்டு வழக்கமான வகைகள் இருந்தவர்களுக்கு அந்த ஜீனின் வேலையைத் தடுக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரையை மூன்று வருஷம் தினமும் ஒன்று கொடுத்துப் பார்த்த அடாரா என்ற ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 88, எடுக்காதவர்களில் 78. இந்தப் பரிசோதனையின் விடை ஒரு கதவைத் திறக்கிறது. மாத்திரை விலை கூடுதல்தான். நகையை வைக்கும் பேச்சு வந்தால் இதற்கு வரட்டும். அதற்கு முன் அரசுக் காப்பீடு, மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம் எல்லாம் ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

கால வரம்பு என்றேனே, அது இதற்குத்தான். அந்த ஆய்வில் கீமோ எடுக்காதவர்களை ஆபரேஷன் முடிந்து பத்து வாரத்துக்குள் சேர்த்தார்கள். உங்களுக்கு ஐந்து வாரம் போய்விட்டது. பிளாக்கை வாங்கி, கொடுத்து, விடை வர இரண்டு வாரமாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கீமோ பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து பெரிய ஆய்வுகளின் 4,584 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் வருஷக் கணக்கில், ஆபரேஷனுக்குப் பின் சிஸ்பிளாட்டின் கீமோவால் ஐந்து வருஷத்தில் கூடுதலாகப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று மேல். அந்தப் பலன் ஸ்டேஜ் 2, 3இல் தெளிவு, 1பியில் தெளிவில்லை, 1ஏயில் கெடுதல் பக்கமே சாய்ந்தது. 4 சென்டிமீட்டருக்குக் கீழே, நிணநீர் முடிச்சில் பரவல் இல்லாத கட்டிக்குப் பொதுவாகக் கீமோ கொடுப்பதில்லை. இங்கேதான் ஜீன் வெளிப்பாட்டுப் பரிசோதனைக்கு ஒரு நியாயமான இடம் வரக்கூடும்: அளவில் சிறியதாக இருந்தாலும் ஆபத்து அதிகமான கட்டிகளைப் பிரித்தெடுத்து அவர்களுக்கு மட்டும் கீமோ கொடுப்பது. அந்த 14 ஜீன் பரிசோதனையை வைத்து இந்த வழியில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆகவே உங்கள் புற்றுநோய் டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், விடை 'அதிகம்' என்று வந்தால் என்ன செய்வீர்கள், 'குறைவு' என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னால் செய்ய வேண்டாம். வேறு வேறு பதில் சொல்லி, காரணமும் சொன்னால், இ.ஜி.எஃப்.ஆர். முடிந்தபிறகு யோசிக்கலாம். லேப் ஆளிடமும் கேளுங்கள்: எத்தனை ஜீன், எந்த ஸ்டேஜ் நோயாளிகளிடம் சோதித்தது, பட்டியலை உருவாக்கிய நோயாளிகளைத் தவிர வேறு யாரிடமாவது சோதித்தார்களா. கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

முதலில் இ.ஜி.எஃப்.ஆர். என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அச்சன்கோவில் பக்கமிருந்து ஒரு பையன் அம்மாவின் பிளாக்கைச் சோற்று டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்து கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் மெழுகின் நடுவில் திசு இருந்த இடம் பள்ளமாக இருந்தது. எங்கோ ஒரு லேப் அதை ஏதேதோ பரிசோதனைக்குச் சீவிச் சீவித் தீர்த்திருந்தது. எங்களுக்கு மிஞ்சியது மெழுகுதான். வேறு பிளாக் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் தேடச் சொன்னோம்; இருந்ததில் கட்டியே இல்லை, சாதாரண நுரையீரல் மட்டும். ரத்தத்தில் பார்க்கலாம் என்றால், ஆரம்ப நிலைக் கட்டி ரத்தத்தில் விடுகிற டி.என்.ஏ. மிகக் குறைவு, அதில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமாகாது. அந்த அம்மாவுக்கு மாத்திரை உதவியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அந்தப் பையன் டப்பாவைத் திரும்ப மூடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இனி, காசு செலவில்லாமல் இப்போதே உங்கள் கையில் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நோயியல் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அளவையும் ஸ்டேஜையும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதன் கீழே இருக்கிற வரிகளில்தான் செய்தி இருக்கிறது. கட்டி எந்த வடிவத்தில் வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். லெப்பிடிக் என்பது காற்றறைச் சுவரை ஒட்டி மெல்லப் படர்வது, நல்ல பக்கம். சாலிட், மைக்ரோபாப்பில்லரி என்பவை கெட்டியாக அல்லது சிறு கொத்துகளாக வளர்வது, கடுமையான பக்கம். 2020இல் சர்வதேச நுரையீரல் புற்றுநோய் சங்கத்தின் நோயியல் குழு வகுத்த தரப்படி, இந்தக் கடுமையான வடிவங்கள் கட்டியில் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் உயர்தரக் கட்டி. இங்கே உயர்தரம் என்றால் வீரியம் அதிகம் என்று பொருள். அடுத்து, நுரையீரலின் மேலுறையைத் துளைத்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறதா, கட்டியின் ஓரத்தைத் தாண்டிக் காற்றறைகளில் செல்கள் சிதறியிருக்கின்றனவா, வெட்டிய விளிம்பு சுத்தமா, எத்தனை நிணநீர் முடிச்சுகளை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டே முடிச்சைப் பார்த்துப் "பரவல் இல்லை" என்பதும் பதினைந்தைப் பார்த்து அப்படிச் சொல்வதும் ஒன்று இல்லை.

442 பேர் ஆய்வில் சாதாரணத் தகவல் சேர்ந்தபோதுதான் கணிப்பு நன்றாக வந்தது என்றேனே, இந்த வரிகள் அந்த வகைதான். ஒரு நல்ல நோயியல் டாக்டர் அரை மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து எழுதுகிற இந்தப் பத்திக்கு மேல், பல ஜீன் பட்டியல்கள் கொஞ்சம்தான் சேர்க்கின்றன. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த வரிகளில் எது இல்லையோ அதைக் குறித்துக்கொண்டு போய்ப் பணிவாகக் கேளுங்கள். ஸ்லைடைத் திரும்பப் பார்த்து எழுதித் தருவார்கள்.

அப்புறம் அப்பாவின் கேள்வி. ஸ்டேஜ் 1பிக்கு ஆபரேஷன் ஆனவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 73 என்பது உலக அளவில் திரட்டிய எண். அது 1999 முதல் 2010 வரை நோய் கண்டவர்களின் கணக்கு. ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரையை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வழக்கம் வருவதற்கு முந்தையது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் எண்ணை மறைக்க மாட்டேன், எண்ணோடு தொடங்கவும் மாட்டேன். "அப்பா, கட்டியை முழுசா எடுத்துட்டாங்க, வேற எங்கேயும் பரவலை. நாலு பேர்ல மூணு பேர் அஞ்சு வருஷம் தாண்டுறாங்க. உங்களுக்கு மாத்திரை வேணுமான்னு பாக்க ஒரு டெஸ்டுக்குக் கொடுக்கப் போறேன்" என்று சொல்வேன். முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர், அதைத் தாங்கிக்கொள்வார்.

முதல் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி., அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை. திரும்ப வருவதானால் பெரும்பாலும் இந்த முதல் வருஷங்களில்தான். சீக்கிரம் கண்டால் செய்வதற்கு வழி உண்டு.

பிளாக்கை வாங்கப் போகும்போது அப்பாவின் ஆஸ்பத்திரி நம்பர், நோயியல் ரிப்போர்ட் நகல், அடையாள அட்டை, அப்பா கையெழுத்துப் போட்ட கடிதம் எல்லாம் கொண்டுபோங்கள். கட்டி அதிகமாக உள்ள பிளாக் வேண்டும் என்று கேளுங்கள். எந்த பிளாக் என்று நோயியல் டாக்டரே குறித்துத் தருவார். மெழுகு ஏறக்குறைய 56 டிகிரியில் இளகத் தொடங்கும். கொல்லம் ரயிலில் வந்தாலும் பஸ்ஸில் வந்தாலும் பைக்குள்ளேயே இருக்கட்டும். வெயிலில் நிற்கும் காரின் முன்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். பரிசோதனை முடிந்ததும் மீதி பிளாக்கைத் திரும்பக் கேட்டு வாங்கி, அலமாரியில் ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். விடை வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே எனக்கு எழுதுங்கள். புரியாத வரி எதுவானாலும் நான் விளக்கிச் சொல்கிறேன்.